நீட்டிய கை

காலை 11.40. டாஸ்மாக் கடையின் ஷட்டர் இறங்கியிருக்கிறது. பக்கத்துச் சுவரில் நேரம் எழுதியிருக்கிறது: பகல் 12 முதல் இரவு 10 வரை. அதன் கீழே இன்னொரு வரி. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பனை இல்லை.

ஷட்டருக்கு எதிரே ஏழு பேர். மூன்று பேர் நிற்கிறார்கள். நான்கு பேர் சாக்கடை ஓரத்துக் கல்மேல் குந்தியிருக்கிறார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. ஒருவர் செல்போனில் நேரம் பார்க்கிறார். பைக்குள் போடுகிறார். மறுபடி எடுக்கிறார். 11.41.

மதுரையின் ஓரம். புது வீடுகள் எழும்பும் பகுதி. செங்கல் லாரி ஒன்று கடக்கிறது. தூசி அடங்க நேரமாகிறது.

எதிர்ச் சாரியில் டீக்கடை. கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். பாய்லருக்கு முன்னால் ஒருவர் வந்து நிற்கிறார். நாற்பத்தைந்து வயது. கட்டம் போட்ட லுங்கி. நகங்களில் சிமெண்ட். தோளில் பை. பைக்குள்ளிருந்து கரண்டியின் பிடியும் தூக்குக்குண்டின் நூலும் எட்டிப் பார்க்கின்றன. கொத்தனார்.

கடைக்காரர் டீ ஆற்றுகிறார். மற்றவர்களுக்கு டம்ளர் நிறைய. கொத்தனாருக்குப் பாதி. அவர் அதைக் குடித்து முடித்த பிறகு மீதிப் பாதியை ஊற்றுகிறார். இரண்டுக்கும் சேர்த்து ஒரு டீக் காசு. ஏன் இப்படி என்று இவரும் சொல்வதில்லை. அவரும் கேட்பதில்லை.

கொத்தனார் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்கிறார். தலையைத் தாழ்த்துகிறார். டம்ளர் வாய்க்கு வருவதில்லை. வாய் டம்ளருக்குப் போகிறது.

பெஞ்சில் வடை வைத்த செய்தித்தாள் துண்டு. 2023-24ஆம் நிதியாண்டில் மது விற்பனை மூலம் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,855 கோடி ரூபாய். எண்ணெய் ஓரத்திலிருந்து ஊறி வருகிறது. எண்ணைத் தொட்டுவிட்டது.

12.00.

ஷட்டர் ஏறுகிறது. உள்ளே இரும்புக் கிராதி. கிராதியில் கை நுழையும் அளவுக்கு ஒரு சதுரம். பல கைகள் ஒரே நேரத்தில் நுழைகின்றன. ஒவ்வொன்றிலும் நான்காக மடித்த நோட்டு. மூன்று கைகள் நடுங்குகின்றன.

விற்பவர் முகம் பார்ப்பதில்லை. கொத்தனாரின் கை நுழைந்ததும், கேட்காமலே ஒரு குவார்ட்டர் பிராந்தி அதில் வந்து உட்கார்கிறது.

பாட்டிலின் பின்பக்கம் எச்சரிக்கை. மது அருந்துதல் உடல்நலத்திற்குத் தீங்கானது. முன்பக்கம் 180 மி.லி. அதன் கீழே, பொடி எழுத்தில், 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் 77 மில்லி ஆல்கஹால். எடையில் 60 கிராம். உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாளில் 10 கிராம் என்பது ஓர் அளவு. உள்ளங்கைக்குள் அடங்கும் இந்தப் பாட்டிலில் ஆறு அளவு இருக்கிறது.

நல்ல ஈரல் மணிக்கு ஏழெட்டு கிராம் ஆல்கஹாலைக் கரைக்கும். அதற்கு மேல் அதை விரட்ட முடியாது. மோருக்கோ, எலுமிச்சைக்கோ, தலைக்குக் குளிப்பதற்கோ அது அவசரப்படுவதில்லை. பகல் 12 மணிக் குவார்ட்டர் கரைந்து முடிய இரவு எட்டாகிறது. இரவு எட்டு மணிக்கு அடுத்த குவார்ட்டர்.

கடைக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். அடியில் பிளாஸ்டிக் டம்ளர்கள், கிழிந்த தண்ணீர் பாக்கெட்டுகள், ஊறுகாய்ப் பொட்டல உறைகள்.

“கட்டிங்கா?” என்கிறார் ஒருவர். இன்னொருவர் தலையாட்டுகிறார். இதற்கு முன் பார்த்துக்கொண்டவர்கள் போலத் தெரியவில்லை. ஆளுக்குப் பாதிக் காசு. இரண்டு டம்ளர்களை ஒட்டி வைக்கிறார்கள். ஊற்றுகிறார்கள். குனிந்து, ஒரு கண்ணை மூடி, மட்டம் பார்க்கிறார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு சொட்டு மாறுகிறது. குடித்ததும் இருவரும் எதிரெதிர்த் திசையில் நடக்கிறார்கள். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை.

கொத்தனார் மரத்துக்கு அந்தப் பக்கம். தண்ணீர் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடிக்கிறார். முதல் வாய் பாதி மோவாயில் வழிகிறது. புறங்கையால் துடைத்து, புறங்கையை நக்குகிறார். இரண்டாவது வாய் உள்ளே போகிறது. முகம் சுருங்குகிறது. ஊறுகாயை விரலால் தொட்டு நாக்கில் வைக்கிறார்.

பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கிறார். பிறகு வலது கையை முன்னால் நீட்டுகிறார். விரல்களை விரித்துப் பார்க்கிறார். அசையவில்லை. ஒரே தீக்குச்சியில் பீடி பற்றுகிறது.

“மருந்து வேலை செஞ்சிருச்சு.” மரத்தைத் தவிர அங்கே யாரும் இல்லை.

ஆல்கஹால் மூளையின் பிரேக்கை மிதிக்கும் பொருள். தினமும் மிதிபட்டால், மூளை தன் சொந்தப் பிரேக்கைத் தளர்த்திவிடுகிறது. ஆக்சிலேட்டரை இறுக்கிக்கொள்கிறது. அப்படிச் சரிக்கட்டிக்கொண்டு காலம் ஓட்டுகிறது. பாட்டில் வராத காலையில் ஆக்சிலேட்டர் மட்டும் மிஞ்சுகிறது. நெஞ்சு படபடக்கிறது, வேர்க்கிறது, கை ஆடுகிறது. ஒரு குவார்ட்டர் அதை அடக்குகிறது. நோயும் மருந்தும் ஒரே பாட்டிலில் இருக்கின்றன.

பகல் 1 மணி. சாரத்தின்மேல் கொத்தனார். தூக்குக்குண்டு நேராகத் தொங்குகிறது. நூல் பிடித்த கை கல்போல இருக்கிறது. சித்தாள் பெண் கலவைச் சட்டியை நீட்டுகிறாள்.

4 மணி. சாரத்தின் கீழே ஒரு ரப்பர் செருப்பு கிடக்கிறது. கொட்டிய கலவை மெல்ல இறுகுகிறது. தெருமுனையில் 108 வண்டியின் சத்தம்.

அரசு ஆஸ்பத்திரி. எலும்பு முறிவு வார்டு. வலது காலில் மாவுக்கட்டு. பயிற்சி மருத்துவர் ஒருவர் கேஸ் ஷீட் எழுதுகிறார். கண்களில் தூக்கம்.

“சுகர் இருக்கா?”

“இல்லங்கய்யா.”

“பிரஷர்?”

“இல்லங்கய்யா.”

அடுத்த கேள்விக்கான இடத்தில் பேனா நிற்கிறது. மனைவி மாமியாரைப் பார்க்கிறார். மாமியார் தரையைப் பார்க்கிறார். மருத்துவரின் செல்போன் அடிக்கிறது. பேனா அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை. கொத்தனாரின் சட்டை நனைந்திருக்கிறது. மின்விசிறி சுற்றுகிறது. இட்லியை வாய்க்குக் கொண்டுபோகிறார். சாம்பார் மடியில் சிந்துகிறது. “வலி தாங்க முடியாம நடுங்குறாரு” என்கிறார் பக்கத்துப் படுக்கைப் பெரியவர். வலி மாத்திரை வருகிறது.

சாயங்காலம் மனைவியின் தம்பி வருகிறான். ஆரஞ்சுப் பழங்களைக் கட்டில் பெட்டியின்மேல் வைக்கிறான். அக்காவை ஓரமாக அழைத்துப் போகிறான்.

“ஒரு கட்டிங் மட்டும் வாங்கியாந்து ஊத்திவிட்டா மாமாவுக்குச் சரியாயிரும்க்கா.”

அக்கா பதில் சொல்லவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறார். அவன் வாசல்வரை போய்த் திரும்பி வருகிறான்.

அன்றிரவு கொத்தனார் தூங்கவில்லை. கூரையை மூலை மூலையாகப் பார்க்கிறார். புதன்கிழமை பகலில் சுவரில் எறும்பு ஊர்வதாகச் சொல்கிறார். சுவரில் எறும்பு இல்லை.

புதன் நள்ளிரவு. வார்டில் பாதி விளக்கு. கொத்தனார் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். இடது கையில் இல்லாத செங்கல். வலது கையில் இல்லாத கரண்டி. கலவையை அள்ளுகிறார், பரப்புகிறார், செங்கல்லை வைத்துத் தட்டுகிறார். அடுத்த செங்கல். வரிசை பிசகவில்லை. இத்தனை வருடத் தொழில் விரல்களில் இருக்கிறது.

“கலவை கொண்டா! ஏய், இருட்டுறதுக்குள்ள முடிக்கணும், கலவை கொண்டா!”

சலைன் ஊசி பிய்ந்து தொங்குகிறது. போர்வையில் ரத்தத் துளிகள். நான்கு பேர் ஓடி வந்து பிடிக்கிறார்கள். முறிந்த காலோடு அவர் கட்டிலைவிட்டு இறங்கப் பார்க்கிறார்.

“காத்துக் கருப்பு அடிச்சிருச்சு” என்கிறார் ஒரு பாட்டி. மாமியார் சுருக்குப்பையிலிருந்து பாண்டி கோயில் விபூதியை எடுக்கிறார். மகனின் நெற்றி வேர்வையில் விபூதி கரைகிறது.

இரவுப் பணி மருத்துவர் வருகிறார். இளம்பெண். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். காலில் ஹவாய் செருப்பு. நாடி பார்க்கிறார். கண்களில் டார்ச் அடிக்கிறார். ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்.

“கடைசியா எப்பக் குடிச்சாரு?”

மனைவி பேசவில்லை. மாமியார் பேசவில்லை. மைத்துனன் ஜன்னலைப் பார்க்கிறான்.

“திங்கக்கிழமை மத்தியானம்.”

கட்டிலின் கால்மாட்டில் ஒரு சிறுமி. பதின்மூன்று வயதிருக்கும். பள்ளிக்கூடப் பை மடியில் இருக்கிறது. பையிலிருந்து கணக்கு நோட்டை எடுக்கிறாள். கடைசிப் பக்கத்தைத் திருப்புகிறாள். தேதிவாரியாகக் கோடுகள். ஒரு நாளைக்கு இரண்டு. சில நாட்களுக்கு மூன்று. தீபாவளிக்கு நான்கு. திங்கட்கிழமைக்கு ஒன்று. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

மருத்துவர் அந்தப் பக்கத்தைப் பார்க்கிறார். கேஸ் ஷீட்டைத் திறக்கிறார். காலியாக இருந்த கட்டத்தில் எழுதுகிறார். விரல்விட்டு எண்ணுகிறார். திங்கள் பகல் முதல் புதன் நள்ளிரவு வரை 60 மணி நேரம்.

அவருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் பயிற்சி மருத்துவரிடம் தாழ்ந்த குரலில் சொல்கிறார். குடி நின்ற ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கம். 12க்கும் 48க்கும் இடையில் வலிப்பு வரலாம். 48 தாண்டி, 72க்குள், இது. பிதற்றல், இல்லாததைப் பார்த்தல், காய்ச்சல், ஏறி இறங்கும் ரத்த அழுத்தம். டெலிரியம் ட்ரெமன்ஸ். கவனிக்காமல் விட்டால் ஆளே போய்விடுவதும் உண்டு.

பயிற்சி மருத்துவர் குளுக்கோஸ் பாட்டிலை எடுக்கிறார். இரவுப் பணி மருத்துவர் அவர் கையைப் பிடித்து நிறுத்துகிறார்.

“முதல்ல தயமின்.”

தயமின் என்பது பி1 வைட்டமின். ஆண்டுக்கணக்கில் குடித்த உடலில் அது வற்றிப்போயிருக்கும். அது இல்லாமல் குளுக்கோஸ் ஏறினால், மிச்சமிருப்பதும் செலவாகி, மூளை அடிவாங்கும். கண் பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், நினைவு போகும். போன நினைவு பலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. முதலில் மஞ்சள் ஊசி ஏறுகிறது. பிறகு லோராசெபாம். அதற்கும் பிறகு குளுக்கோஸ்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு கொத்தனாரின் கை மெதுவாக இறங்குகிறது. கடைசிச் செங்கல்லை வைக்கிறது. தடவிக் கொடுக்கிறது.

சிறுமி மருத்துவரின் பின்னால் நடக்கிறாள். வராந்தாவில் நிறுத்துகிறாள்.

“குடிய நிப்பாட்டுனா நல்லதுன்னுதானே மிஸ் சொன்னாங்க?”

மருத்துவர் குனிகிறார். இருவரின் முகங்களும் ஒரே உயரத்தில் இருக்கின்றன.

“நிப்பாட்டணும்மா. தினமும் இவ்வளவு குடிக்கிறவங்க வீட்டுல தன்னால, திடீர்னு நிப்பாட்டக் கூடாது. இங்க வந்து நிப்பாட்டணும். இதுக்கு மருந்து இருக்கு.”

சிறுமி அதையும் நோட்டில் எழுதிக்கொள்கிறாள்.

வியாழன். ஆண்கள் பொது மருத்துவ வார்டு. கொத்தனார் 13ஆம் படுக்கைக்கு மாற்றப்பட்டிருக்கிறார். தூங்குகிறார்.

14ஆம் படுக்கையில் ஆட்டோ ஓட்டுநர். 41 வயது. கைகளும் தோள்களும் குச்சி. வயிறு பானை. தொப்புள் வெளியே துருத்துகிறது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது. மார்பைத் துண்டால் மூடியிருக்கிறார். துண்டு நழுவும்போதெல்லாம் இழுத்துக்கொள்கிறார்.

பேராசிரியர் வருகிறார். பின்னால் எட்டு மாணவர்கள். கட்டிலைச் சுற்றி அரைவட்டம்.

“கையத் திருப்புங்க.”

உள்ளங்கைகள் சிவந்திருக்கின்றன. மருதாணி அழிந்து இரண்டு நாளான நிறம். பேராசிரியர் துண்டைக் கொஞ்சம் விலக்குகிறார். நெஞ்சில் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளியிலிருந்து சிலந்திக் கால்கள். விரலால் அழுத்துகிறார், மறைகிறது. எடுக்கிறார், நடுவிலிருந்து ரத்தம் கால்களுக்குப் பாய்கிறது. துண்டை அவரே மூடிவிடுகிறார். ஈரல் கெட்டால் ஆணின் உடலில் பெண் ஹார்மோனின் கை ஓங்குகிறது, மார்பு வளர்கிறது. அதைப் படுக்கையருகே சொல்லாமல், இரண்டு கட்டில் தள்ளிப் போய் மாணவர்களிடம் சொல்கிறார். திரும்பி வருகிறார்.

“கைய முன்னால நீட்டுங்க. போலீஸ்காரர் வண்டிய நிப்பாட்டுற மாதிரி.”

ஆட்டோக்காரருக்கு அது தெரிந்த சைகை. லேசாகச் சிரிக்கிறார். இரண்டு கைகளையும் நீட்டுகிறார். மணிக்கட்டை நிமிர்த்துகிறார். மூன்று விநாடி நிற்கின்றன. பிறகு கைகள் சட்டென்று விழுந்து எழுகின்றன. மறுபடி விழுந்து எழுகின்றன. சிறகை உதறும் பறவை போல.

இது கொத்தனாரின் நடுக்கம் அல்ல. ஈரல் சலிக்கவேண்டிய நஞ்சு சலிக்கப்படாமல் மூளைக்குப் போகிறது. அதன் அடையாளம் இந்த உதறல்.

“இது என்ன மாசம்ண்ணே?” ஒரு மாணவி கேட்கிறாள்.

அவர் யோசிக்கிறார். மனைவியைப் பார்க்கிறார். “பங்குனி” என்கிறார். ஜன்னலுக்கு வெளியே ஐப்பசி மழை.

கேஸ் ஷீட்டில் அவருடைய கையெழுத்துகள் இருக்கின்றன. சேர்ந்த நாளில் முழுப் பெயர். நான்காம் நாளில் முதல் எழுத்தோடு ஒரு கோடு. இன்றைக்குக் கோடு மட்டும்.

தலைமாட்டில் லாக்டுலோஸ் பாட்டில். தித்திக்கும் மருந்து. குடித்தால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை வயிறு போகவேண்டும், நஞ்சு அந்த வழியில் இறங்கும். மனைவி ஒரு பழைய காலண்டர் தாளில் எண்ணிக்கை குறிக்கிறார்.

வயிற்றின் இடப்பக்கம் ஊசி இறங்குகிறது. குழாயில் வைக்கோல் நிறத்தில் தண்ணீர். கட்டிலுக்குக் கீழே பிளாஸ்டிக் கேன். ஒரு லிட்டர். இரண்டு. மனைவி நிறத்தையே பார்க்கிறார். ஐந்து லிட்டரில் நிறுத்துகிறார்கள். அதைத் தாண்டினால் அல்புமின் ஏற்றவேண்டும். பானை தளர்கிறது. அவர் மூச்சை இழுத்து விடுகிறார். உப்பு உள்ளே போனால் மறுபடி நிறையும். நர்ஸ் மனைவியின் கூடையைத் திறக்கிறார். மாங்காய் ஊறுகாய் டப்பாவை எடுத்து மேசைமேல் வைக்கிறார்.

“அவருக்கு அது இல்லாம சோறு எறங்காது சிஸ்டர்.”

“தெரியும்க்கா.”

டப்பா மேசைமேலேயே இருக்கிறது.

பேராசிரியர் கை கழுவுகிறார். கழுவிக்கொண்டே சொல்கிறார். “ஈரல் வலிக்காது. அதான் சிக்கல். மொதல்ல கொழுப்பு படியும். அப்ப நிறுத்துனா சில வாரத்துல பழையபடி ஆயிரும். யாரும் வரமாட்டாங்க, ஏன்னா ஒண்ணும் தெரியாது. அப்புறம் வீங்கும். அப்புறம் தழும்பு. தழும்பு விழுந்த பிறகுதான் வயிறு தெரியும், வருவாங்க.” துண்டில் துடைக்கிறார். “இவருக்கும் இப்ப நிறுத்துனா நாள் கூடும். அதச் சொல்லாம விட்ராதீங்க.”

11ஆம் படுக்கை. 26 வயது இளைஞன். தலையணையை வயிற்றோடு அணைத்து, முழங்கால் மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறான். நிமிர்ந்தால் வலி முதுகுவரை ஊடுருவுகிறது. கணையம் வீங்கியிருக்கிறது. வாய்வழியே எதுவும் தரக்கூடாது என்று தலைமாட்டில் அட்டை.

“பீர் மட்டும்தான் சார். பிராந்தியெல்லாம் தொட மாட்டேன்.”

ஸ்ட்ராங் பீரில் 8 சதவீதம் வரை ஆல்கஹால். 650 மில்லி பாட்டிலில் 40 கிராம். நான்கு அளவு. மாணவர் ஒருவர் கேஸ் ஷீட்டின் ஓரத்தில் பெருக்கிப் பார்க்கிறார். “எத்தன பாட்டில்?” என்று கேட்கிறார். இளைஞன் மூன்று விரல் காட்டுகிறான்.

17ஆம் படுக்கைக்காரர் நேற்று ரத்த வாந்தியோடு வந்தவர். தழும்பேறிய ஈரலுக்குள் புக முடியாத ரத்தம் உணவுக்குழாய்ச் சிரைகளைப் புடைக்கவைத்து, அவற்றில் ஒன்று வெடித்தது. எண்டோஸ்கோப் வழியே ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள். இன்று காலை அந்தப் படுக்கையில் மெத்தை இல்லை. மாடி வராந்தாக் கைப்பிடிச் சுவரில் காயக் கிடக்கிறது. கட்டிலுக்குக் கீழே ஒரு எவர்சில்வர் தூக்குவாளி. யாரும் இன்னும் எடுக்கவில்லை.

வராந்தா. மருத்துவ மாணவர்கள் சார்ட் பேப்பரில் எழுதி ஒட்டிய படம். ஒரு மூலையில் ஊசி விழுந்துவிட்டது. காற்றில் தாள் அடித்துக்கொள்கிறது.

ஸ்கெட்ச் பேனாவால் வரைந்த ஆள். உடலெங்கும் அம்புகள். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல். பக்கத்தில் வரைந்த பெண்ணின் மார்பகத்துக்கு ஓர் அம்பு. மேலே தலைப்பு: மதுவால் வரும் புற்றுநோய்கள். கீழே: மதுபானம் மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்திய ஆண்டு 1988. இன்னும் கீழே: உடலுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை, உலக சுகாதார நிறுவனம், 2023 ஜனவரி. கடைசி வரி: 2019இல் உலகில் மதுவால் இறந்தவர்கள் 26 லட்சம் பேர்.

படத்துக்குக் கீழே பெஞ்ச். காத்திருப்பவர்கள் அதில் உட்கார்ந்து சுவரில் தலை சாய்க்கிறார்கள். தலையெண்ணெய்க் கறை தாளில் ஏறியிருக்கிறது. வரைந்த ஈரல் இருக்கும் இடம் முழுக்க எண்ணெய்.

வராந்தாவின் முடிவில் ஆலோசகர் அறை. ஒரு மேசை. நான்கு நாற்காலிகள். கதவில் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண். உள்சுவரில் ஒரு அச்சுத்தாள்: 2019 தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையை எட்டுகிறார்.

எட்டாம் நாள். கொத்தனார் சக்கர நாற்காலியில் வருகிறார். சவரம் செய்த முகம். மனைவி நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார்.

ஆலோசகர் பத்துக் கேள்விகள் உள்ள தாளை எடுக்கிறார். குரலில் கண்டிப்பு இல்லை. ரேஷன் கார்டுக்கு விவரம் கேட்பவர் போலக் கேட்கிறார்.

“எத்தனை நாளைக்கு ஒருக்காக் குடிப்பீங்கண்ணே?”

“எப்பயாச்சும் சார்.”

நாற்காலிக்குப் பின்னால் மனைவி ஆள்காட்டி விரலை வட்டமாகச் சுற்றுகிறார். தினமும். ஆலோசகர் இருவரையும் பார்க்கிறார். பேனா காத்திருக்கிறது.

“தினமுந்தான்” என்கிறார் கொத்தனார்.

“குடிச்சதுக்கு அப்புறம் என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இல்லாமப் போயிருக்கா?”

தலையாட்டல்.

“காலையில எந்திரிச்சதும் ஒரு வாய் குடிச்சாத்தான் அன்னைக்கு வேலை ஓடும்னு இருந்திருக்கா?”

கொத்தனார் தன் வலது கையைப் பார்க்கிறார். திருப்பிப் பார்க்கிறார்.

“கடை பன்னெண்டுக்குத்தான் சார் தெறப்பாங்க.”

கூட்டல். 40க்கு 27. 20ஐத் தொட்டாலே பழக்கம் என்ற சொல் போதாது, அது நோய். ஆலோசகர் ‘குடிநோய்’ என்றுதான் எழுதுகிறார். கொத்தனார் அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்.

“நோயா சார்?”

“ஆமாண்ணே. சுகர் மாதிரி. மாத்திரை உண்டு, கட்டுப்பாடு உண்டு, தொடர்ந்து வரணும். திரும்பக் குடிச்சிட்டாலும் வரணும். குடிச்சிட்டோமேன்னு வராம இருந்துராதீங்க.”

மனைவி முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார். ஒரு காகிதப் பொட்டலம். வெள்ளைப் பொடி. பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் பார்த்து வாங்கியது. குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்கலாம் என்று நோட்டீஸ் சொல்கிறது.

ஆலோசகர் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. மேசையின் மறுமுனைக்கு நகர்த்துகிறார். டைசல்ஃபிராம் என்று ஒரு மாத்திரை உண்டு, அது வயிற்றில் இருக்கும்போது குடித்தால் முகம் ரத்தமாகச் சிவக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும், சிலருக்கு இதயம் நின்றுவிடும் என்கிறார். தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்வையில் சாப்பிடவேண்டிய மருந்து அது. தெரியாமல் கொடுத்தால் விஷம்.

மனைவி பொட்டலத்தைப் பார்த்தபடி நிற்கிறார். “நாலு நாள் கலந்தேன் சார்” என்கிறார். கொத்தனார் திரும்புகிறார். இருவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்க்கிறார்கள். ஆலோசகர் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போகிறார். ஜன்னல் ஏற்கெனவே சாத்தியிருக்கிறது.

ஞாயிறு மாலை. ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. கரும்பலகையில் அழியாத பின்னக் கணக்கு. பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாக. பிளாஸ்கில் டீ. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் குடியை விட நினைத்த இரண்டு பேர் உட்கார்ந்து பேசியதில் தொடங்கிய கூட்டம் இது. ஊர்ப்பெயர் இல்லை. சாதி இல்லை. வெறும் பெயர், அதைத் தொடர்ந்து ஒரு வாக்கியம்: நான் ஒரு குடிநோயாளி.

வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் எழுகிறார். பதினோரு வருடமாகிறது என்கிறார். எல்லோரும் கை தட்டுகிறார்கள். ஒரு பையன் எழுகிறான். நேற்றிலிருந்து என்கிறான். அவனுக்கும் அதே அளவு கை தட்டுகிறார்கள்.

கதவருகே வாக்கரோடு ஒருவர். உள்ளே வரவில்லை. போகவும் இல்லை. ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவருகே போடுகிறார்கள்.

திங்கட்கிழமை. காலை 11.45. டாஸ்மாக் கடையின் ஷட்டர் இறங்கியிருக்கிறது. எதிரே ஆறு பேர்.

எதிர்ச் சாரியில், டீக்கடையை ஒட்டி, பஸ் நிறுத்தம். ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் இந்த ஒரு நிறுத்தத்தில்தான் நிற்கும். வாக்கரைப் பிடித்தபடி கொத்தனார். மனைவியின் கையில் மஞ்சள் பை. பைக்குள் ஓ.பி. சீட்டு, எக்ஸ்ரே உறை, மாத்திரை அட்டை. அட்டையில் நேற்றுவரைக்குமான குழிகள் காலி. மனைவி சாலைக்கு முதுகு காட்டி நிற்கிறார். டாஸ்மாக் கடைக்கும் கணவருக்கும் நடுவில் நிற்கிறார். அவர் கொஞ்சம் நகர்ந்தால் இவரும் நகர்கிறார்.

ஷட்டருக்கு முன்னால் குந்தியிருக்கும் ஒருவர் கையை உயர்த்துகிறார். கொத்தனார் தலையசைக்கிறார்.

“ரெண்டு டீ” என்கிறார் மனைவி.

கடைக்காரர் ஆற்றுகிறார். ஒரு டம்ளர் நிறைய. இன்னொன்றில் பாதி. பாதி டம்ளரைக் கொத்தனாரிடம் நீட்டுகிறார்.

கொத்தனார் ஒரு கையால் வாக்கரைப் பிடித்துக்கொள்கிறார். மற்றக் கையை நீட்டுகிறார். மூன்று பேரும் அந்தக் கையைப் பார்க்கிறார்கள். டம்ளர் கைமாறுகிறது. டீயின் மேல் ஆடை அசையாமல் நிற்கிறது.

கடைக்காரர் போணியைச் சாய்த்து மீதிப் பாதியையும் ஊற்றுகிறார்.

எதிரே ஷட்டர் ஏறும் சத்தம். டீ விளிம்பில் ஒரு முறை அலம்புகிறது. ஒரு சொட்டு கட்டைவிரலில் விழுகிறது. கொத்தனார் டம்ளரை விடவில்லை. மனைவி இன்னும் சாலைக்கு முதுகு காட்டியே நிற்கிறார்.

பஸ் வரவில்லை.